ரூம் ஸ்ப்ரேயைக் கீழே வையுங்கள்: பூனை நாற்றம் பற்றிக் கொஞ்சம் நீளமாக

பூனை வளர்க்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி "வீடு நாறாதா?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சில வீடுகளில் கதவைத் திறந்ததுமே மூக்கு சுருங்கிவிடும், கண் லேசாக எரியும், வீட்டுக்காரரோ எதுவுமே நடக்காதது போல "உட்காருங்க" என்பார். இன்னொரு வீட்டில் அதைவிட அதிகப் பூனைகள் இருக்கும், ஆனால் சோஃபாவுக்கு அடியிலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கும்வரை பூனை இருப்பதே தெரியாது. பூனையின் உடம்பில் நாற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிற பிராணி அது. நாறுவது பெரும்பாலும் அதன் சிறுநீர், அதிலும் பழைய சிறுநீர். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கிவிடும், அதனால் அந்த நாற்றம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கீழே இறங்கிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட பிரதேசத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. குடிக்கத் தண்ணீர் எப்போதாவதுதான் கிடைக்கும் என்பதால், உடம்பில் இருக்கிற தண்ணீரை முடிந்தவரை திரும்ப உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை மட்டும் கெட்டியாக வெளியே விடும்படி அதன் சிறுநீரகம் அமைந்துவிட்டது. இன்றைக்குக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைத்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆக, கொஞ்சம் சிறுநீரிலேயே யூரியா ஏராளமாக இருக்கும். யூரியாவுக்கென்று நாற்றம் இல்லை, அது தரையிலோ துணியிலோ கிடக்கும்போது பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணை எரிக்கிற, தொண்டையில் போய் ஏறுகிற அந்த முதல் நாற்றம் இதுதான்.

இரண்டாவது நாற்றம் வேறு கதை. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்று கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தில் சுரக்கும் காக்சின் என்ற புரதம்தான் அது உருவாகக் காரணம் என்று 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இந்த ஃபெலினின் மெல்ல மெல்லச் சிதைந்து தயோல் என்ற வகைக் கந்தகச் சேர்மங்களை வெளியிடுகிறது. பூனை மூத்திரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற அந்தத் தனி வாடை, வேறு எதன் சிறுநீருக்கும் இல்லாத வாடை, இதிலிருந்து வருவதுதான். தயோல்கள் கொஞ்சூண்டு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும், சமையல் எரிவாயு கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்று அதில் சேர்க்கிற வாடைப்பொருளும் இதே குடும்பம்தான். கருத்தடை செய்யாத ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் மிக அதிகம். பெண் பூனைக்கும் கருத்தடை செய்த ஆணுக்கும் குறைவு.

இப்போது ஒரு விஷயம் விளங்கியிருக்கும். "நேற்றே துடைச்சுட்டேனே, அப்போ நாறவே இல்லையே, இன்னைக்கு எப்படி வந்தது?" என்ற புலம்பலுக்குப் பதில் இதுதான். நேற்று நாறாததற்குக் காரணம் நாம் துடைத்தது மட்டுமல்ல, நாற்றம் அப்போது இன்னும் உருவாகவே இல்லை என்பதும்தான். தரையின் இடுக்கிலோ மெத்தையின் அடியிலோ போய்ச் சேர்ந்தது அங்கேயே இருந்து சாவகாசமாகத் தன் வேலையைச் செய்கிறது. காய்ந்த பிறகும் அதில் உப்புகளும் மற்ற கழிவுகளும் படிந்து கிடக்கும், காற்றில் ஈரப்பதம் ஏறினால் அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி உயிர் பெற்றுவிடும். வெயில் காலம் முழுக்கச் சும்மா இருந்த மூலை மழை பெய்ததும் நாற ஆரம்பிப்பது இதனால்தான், பூனை புதிதாக எதுவும் செய்திருக்காது, பாவம், ஆனால் திட்டு அதற்குத்தான் விழும்.

சரி, ரூம் ஸ்ப்ரே விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. நாற்றத்தின் மேல் மல்லிகையையோ லாவெண்டரையோ ஊற்றினால் கிடைப்பது மல்லிகை மணம் கிடையாது, மல்லிகை மணக்கும் மூத்திர நாற்றம். அதைவிட முக்கியம், நம்மை ஏமாற்றுகிற அந்த மணம் பூனையை ஏமாற்றாது. அதன் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை, போதாததற்கு மேலண்ணத்தில் வாடைகளைப் படிக்கவென்றே தனியாக ஓர் உறுப்பு வேறு வைத்திருக்கிறது (வாயைப் பாதி திறந்து, மூஞ்சியைக் கோணலாக வைத்துக்கொண்டு எதையோ யோசிப்பது போல நிற்குமே, அந்த உறுப்புக்கு வாடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்). நமக்கு வாசம் மட்டும் தெரிகிற இடத்தில் அதற்குப் பழைய சிறுநீர் தெளிவாகத் தெரியும், ஓஹோ இது கழிப்பிடம்தானே என்று மறுபடியும் அங்கேயே போகும். ஒரே மூலையில் திரும்பத் திரும்பப் போவதைப் பிடிவாதம் என்று சொல்வது நம்முடைய கற்பனை.

வாசனைப் பொருள்களில் ஆபத்தும் இருக்கிறது. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றப் பெரும்பாலான பாலூட்டிகளின் கல்லீரலில் இருக்கும் ஒரு முக்கியமான என்சைம் பூனைக்கு வேலை செய்வதில்லை. மரபணுவிலேயே அது செயலிழந்துவிட்டது. அதனால் நாம் நல்லெண்ணத்தோடு தரையில் ஊற்றித் துடைக்கிற ஃபினாயில், தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுக்கும் டெட்டால் வகைக் கிருமிநாசினிகள் எல்லாம் பூனைக்கு விஷம். தரையில் நடந்து, பாதத்தில் ஒட்டியதை நக்கி, வயிற்றுக்குள் அனுப்பிக்கொள்ளும். டீ ட்ரீ, யூகலிப்டஸ், கிராம்பு, ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற எண்ணெய்களும் அப்படித்தான், அறையில் ஆவியாகப் பரப்பும் டிஃப்யூசர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அந்துருண்டையை மூலையில் போட்டால் பூனை அந்தப் பக்கம் வராது என்று யாராவது யோசனை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள், அதில் இருக்கும் நாப்தலீனும் விஷம்தான்.

இனி வேலை. முதல் வேலை இடத்தைக் கண்டுபிடிப்பது, இதில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். நாற்றம் அறை முழுக்கப் பரவியிருக்கும், கறை எங்கோ ஓர் இடத்தில் இருக்கும். நாற்றம் தூக்கலாக இருக்கிற இடத்தில்தான் கறை இருக்கும் என்று நம்பி அங்கேயே தேய்த்துக்கொண்டிருப்பது வீண். யூவி டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 365 முதல் 395 நானோமீட்டர் வரை என்று போட்டிருக்கும். இரவில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தரைக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக நகர்த்தினால் பழைய சிறுநீர்க் கறை மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கல் ஒளியில் தெரியும். தெரிந்த இடங்களைச் சுற்றி அப்போதே சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும், விளக்கைப் போட்டதும் எது எங்கே என்று சத்தியமாக ஞாபகம் இருக்காது. முதல் தடவை செய்பவர்கள் பயந்துவிடாதீர்கள், சலவைத்தூள் கறை, சிந்திய பானங்கள், வேறு எத்தனையோ பொருள்கள் இதே ஒளியில் மின்னும், மின்னுவதெல்லாம் பூனை வேலை என்று எடுத்துக்கொண்டால் வீட்டைவிட்டே ஓடத் தோன்றும். சந்தேகமான இடத்தில் குனிந்து முகர்ந்து பார்ப்பதுதான் கடைசி சோதனை. கௌரவமான வேலை இல்லைதான்.

தரையை மட்டும் பார்த்தால் போதாது. சுவரின் கீழ்ப்பகுதி, கதவின் விளிம்பு, திரைச்சீலையின் அடி, சோஃபாவின் பின்பக்கம், ஸ்பீக்கர், செருப்பு வைக்கிற தட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுவரில் பூனையின் பின்புறம் உள்ள உயரத்தில் ஆரம்பித்துக் கீழே கோடாக வழிந்திருந்தால் அது வெறும் சிறுநீர் கழித்தல் இல்லை, எல்லை குறித்தல். அதைப் பற்றிப் பிறகு.

இன்னொன்று, நம் மூக்கை நம்பக் கூடாது. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அந்த "உட்காருங்க" வீட்டுக்காரர் நடிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சில மணி நேரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி, உள்ளே நுழைகிற அந்த முதல் சில நொடிகளில் மூக்கு சொல்வதை மட்டும் நம்பலாம். இல்லையென்றால் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவரைக் கூப்பிடலாம், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கறையைக் கண்டுபிடித்த பிறகு, அது ஈரமாக இருந்தால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பழைய துணியையோ டிஷ்யூவையோ மடித்து வைத்து, மேலே கனமாக அழுத்தி, ஈரம் ஏறிய பிறகு மாற்றி மாற்றி வைத்து, இதற்கு மேல் ஏறாது என்கிற வரை செய்ய வேண்டும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே பாதி நாற்றம் உருவாகாமல் போய்விடும், காசு செலவில்லாத இதைத்தான் யாரும் முழுசாகச் செய்வதில்லை. பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி மறுபடி ஒற்றுவது. வெந்நீர் வேண்டாம், நீராவி இயந்திரம் கண்டிப்பாக வேண்டாம், சூடு சிறுநீரில் உள்ள புரதத்தை இழைகளோடு சேர்த்துப் பிடிக்க வைத்துவிடும்.

அப்புறம் என்சைம் கிளீனர். செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே விற்பார்கள், அதிலுள்ள என்சைம்களும் பாக்டீரியாக்களும் நாற்றத்தை மூடி மறைக்காமல் அதை உண்டாக்கும் பொருள்களையே உடைத்துவிடும். நல்ல சாமான்தான், ஆனால் இதை வாங்கிய பத்துப் பேரில் பாதிப் பேர் "சுத்த வேஸ்ட்" என்பார்கள், ஏனென்றால் கண்ணாடி துடைக்கிற மாதிரி ரெண்டு தடவை அடித்துவிட்டு உடனே துடைத்துவிடுகிறார்கள். என்சைமுக்கு இரண்டு விஷயம் வேண்டும், ஒன்று சிறுநீர் போய்ச் சேர்ந்த ஆழம் வரை அதுவும் போய்ச் சேர வேண்டும், இன்னொன்று ஈரமாகவே இருக்க வேண்டும். கார்பெட்டின் மேலே கையளவு கறை தெரிந்தால் அடியில் அது இரண்டு மடங்கு அகலத்துக்குப் பரவியிருக்கலாம், மேலே மட்டும் நனைத்து என்ன பயன்? தாராளமாக ஊற்றி, கறையின் விளிம்பைத் தாண்டியும் நனைத்து, குறைந்தது பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரையாவது விட வேண்டும். பழைய கறை என்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, சீக்கிரம் காயாமல் இரவு முழுக்க விடுவது என் வழக்கம். பிறகு ஒற்றி எடுத்துவிட்டு, தானாகக் காய விட வேண்டும். நடுவில் நாற்றம் கொஞ்சம் கூடியது போலத் தோன்றலாம், நல்லதுக்குத்தான், உடைகிற வேலை நடக்கிறது. முழுவதும் காய்ந்த பிறகும் லேசாக அடித்தால் மறுபடி ஒரு சுற்று. ஏற்கெனவே அந்த இடத்தில் கிருமிநாசினியோ பிளீச்சோ போட்டிருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள், இல்லையென்றால் என்சைமும் அந்த நல்ல பாக்டீரியாக்களும் அங்கேயே செத்துப்போகும்.

வினிகர், பேக்கிங் சோடா பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வினிகர் அமிலம், அம்மோனியா காரம், ஆகவே ஒன்றுக்கு ஒன்று சரியாகி அம்மோனியா நாற்றம் சட்டென்று அடங்கும், அந்த அளவுக்கு அது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன கந்தகச் சேர்மங்களை வினிகர் ஒன்றும் செய்யாது, அதனால்தான் வினிகர் போட்ட அன்று திருப்தியாக இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்து "மறுபடி வந்துடுச்சு" என்கிறோம். மார்பிள் தரையில் வினிகர் படவே கூடாது, அமிலம் கல்லை அரித்து மங்கலாக்கிவிடும். பேக்கிங் சோடாவைத் தூவி வைத்து வேக்யூமில் எடுப்பது மேலோட்டமான நாற்றத்துக்குச் சரி, ஆழத்தில் இருப்பதற்கு அது போதாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல், ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான்.

கந்தகச் சேர்மங்களை உண்மையிலேயே மாற்றக்கூடியது ஹைட்ரஜன் பெராக்சைடு. பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்தைப் போக்க ஒரு கலவை செய்தார், அது 1993-ல் வெளியாகிப் பிரபலமானது. ஸ்கங்க் நாற்றமும் தயோல்தான் என்பதால் அதே கலவை இதற்கும் கைகொடுக்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், கால் கப் பேக்கிங் சோடா, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன். நமக்குத் தேவையான அளவுக்கு இதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும், மிச்சத்தை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைத்தால் உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும். நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் துணியிலும் சோஃபாவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காயும் வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது, எரிச்சலூட்டும் வேறொரு அமிலம் உண்டாகும். இது என்சைமுக்குப் பதிலா, கூடவா என்றால், ஓடு, சிமெண்ட் போன்ற தரைக்கு நான் முதலில் இதைத்தான் எடுப்பேன், மெத்தைக்கும் கார்பெட்டுக்கும் என்சைம்.

பிளீச் பற்றி ஒரே வரி: பூனைச் சிறுநீர் இருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயு வரும், மூடிய குளியலறையில் அது விளையாட்டு இல்லை. அம்மோனியா கலந்த கிளீனர்களும் வேண்டாம், பூனைக்கு அது "இங்கே போகலாம்" என்று அழைப்பு வைத்த மாதிரி.

துவைக்கக்கூடிய துணிகள் சுலபம். குளிர்ந்த தண்ணீரில் அலசி, என்சைம் கலந்த சலவைத்தூளில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயவைக்கலாம். டிரையரில் போடும் முன் நாற்றம் முழுவதும் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுத் தரையில் ஓடு எதையும் உறிஞ்சாது, ஓடுகளுக்கு நடுவில் இருக்கும் சிமெண்ட் கோடுதான் உறிஞ்சும், ஆகவே பிரஷ் அங்கேதான் போக வேண்டும். மரத்தில் பாலிஷுக்கு அடியில் இறங்கிக் கறுத்துவிட்டிருந்தால் மேலே எதை ஊற்றியும் பிரயோசனம் இல்லை, இழைத்து எடுத்துவிட்டு ஷெல்லாக் பிரைமர் (அரக்கில் செய்த அடிப்பூச்சு) அடித்து நாற்றத்தை உள்ளேயே அடைக்க வேண்டியதுதான்.

அடுத்தது லிட்டர் பெட்டி, அதாவது பூனை மலஜலம் கழிப்பதற்காக மணல் போட்டு வீட்டுக்குள் வைக்கிற பெட்டி. பூனை வெளியே எங்கும் போவதில்லை, பெட்டியில்தான் போகிறது, ஆனாலும் வீடு நாறுகிறது என்றால் குற்றவாளி பெட்டிதான். 1947-ல் எட்வர்ட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண் துகளைப் பைகளில் கட்டி விற்க ஆரம்பிக்கும் வரை பூனை வளர்த்தவர்கள் மண்ணும் சாம்பலும்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளின் நிலைமையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் கட்டியாகிற பென்டோனைட் மணல் அதற்கும் பல வருஷம் கழித்து 1980-களில்தான் வந்தது, என்னைக் கேட்டால் பெரிய முன்னேற்றம் அதுதான், ஏனென்றால் சிறுநீரைக் கட்டியாகவே அள்ளி வெளியே போட்டுவிடலாம், மிச்ச மணல் சுத்தமாக இருக்கும். மணலின் ஆழம் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைவாகப் போட்டால் சிறுநீர் அடிவரை இறங்கிப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுகிறேன் என்று கரண்டியால் கீறினால் அந்தக் கீறலுக்குள் நாற்றம் குடியேறிவிடும். பழைய பெட்டியை எவ்வளவு கழுவினாலும் நாறுவதற்குக் காரணம் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியை மாற்றிவிடுவது, எத்தனையோ கிளீனர்களுக்குச் செலவழிப்பதைவிட உருப்படியான செலவு.

தினமும் அள்ள வேண்டும், முடிந்தால் காலையும் மாலையும். அம்மோனியா உண்டாக நேரம் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் விஷயமே. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தாலும் அது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால் தினசரி அள்ளுவது அதற்கும் நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், நல்ல சாக்கு. பெட்டிகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியது. இதைச் சொன்னால் "இரண்டு பூனைக்கு மூணு பெட்டியா, அப்போ மூணு இடத்தில் நாறுமே" என்று கேட்கிறார்கள். நாறாது, ஒரு பெட்டியில் எல்லாம் குவிவதுதான் நாறும். வாசனை சேர்த்த மணலைப் பெரும்பாலான பூனைகள் விரும்புவதில்லை, அதை வெறுத்து அது கட்டிலில் போனால் நஷ்டம் யாருக்கு? மூடி போட்ட பெட்டி பார்க்க அழகு, நமக்கு நாற்றமும் தெரியாது, ஆனால் உள்ளே போகிற பூனைக்கு அத்தனையும் முகத்தில் அடிக்கும், தவிர உள்ளே இருப்பது கண்ணில் படாததால் நாமும் அள்ளுவதைத் தள்ளிப்போடுவோம். பெட்டியைக் கழுவ வாசனையில்லாத மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். காற்றோட்டம் இருக்கிற இடத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி வையுங்கள்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்றால், ஹெப்பா ஃபில்டர் மட்டும் இருந்தால் அது முடியையும் தூசியையும்தான் பிடிக்கும், நாற்றம் வாயு, அதன் வழியாகப் போய்விடும். கரி ஃபில்டரும் இருந்தால் ஓரளவு உதவும். மூலம் அப்படியே இருக்கும்போது இதெல்லாம் ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் இறைப்பதுதான், ஜன்னலைத் திறந்து வைப்பது இதைவிட நல்லது. ஓசோன் இயந்திரம் மட்டும் வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல், நமக்கும் பூனைக்கும்.

எல்லை குறித்தலுக்கு வருகிறேன். பூனை சாதாரணமாகப் போகும்போது குந்தி உட்கார்ந்து தரையில் நிறையப் போகும். எல்லை குறிக்கும்போது நின்றபடியே, வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, பின்பக்கமாகச் சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சும். இதற்குக் கிளீனர் பாதித் தீர்வுதான், கருத்தடை செய்யாத பூனை என்றால் முதல் வேலை கருத்தடை. செய்த பிறகும் ஆண்களில் ஏறக்குறைய 10 சதவீதமும் பெண்களில் 5 சதவீதமும் பீய்ச்சும் பழக்கத்தை விடுவதில்லை, மற்றவை விட்டுவிடும், சிறுநீரின் அந்தக் கடுமையான நாற்றமும் குறைந்துவிடும். கருத்தடைக்குப் பிறகும் திடீரென்று ஆரம்பித்தால் அதற்கு ஏதோ மனக்கலக்கம் என்று அர்த்தம். புதுப் பூனை, புது ஆள், வீடு மாறியது, அல்லது ஜன்னலுக்கு வெளியே தினமும் வந்து முறைத்துவிட்டுப் போகும் தெருப்பூனை. கடைசியில் சொன்னதற்கு ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே சில சமயம் போதும்.

ஒழுங்காகப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால், டார்ச்சையும் கிளீனரையும் எடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரக நோய், சர்க்கரை வியாதி, வயதான பூனை என்றால் பெட்டியின் விளிம்பைத் தாண்டவே முடியாத மூட்டுவலி, எது வேண்டுமானாலும் இருக்கலாம். போகும்போது வலித்தால் பூனை வலியையும் பெட்டியையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும், அப்புறம் பெட்டியைக் கண்டாலே விலகும். பழிவாங்குகிறது என்பதெல்லாம் நாமாகக் கட்டிவிட்ட கதை. ஆண் பூனை பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

சிறுநீர் அல்லாத நாற்றங்களும் கொஞ்சம் உண்டு, அவற்றுக்குத் துடைப்பம் தேவையில்லை. வாய் நாறினால் பல், ஈறு, சில சமயம் சிறுநீரகம். உடம்பிலிருந்து திடீரென்று மீன் நாற்றம் அடித்தால் ஆசனவாய்க்குப் பக்கத்திலிருக்கும் சுரப்பி. காது நாறினால் உள்ளே தொற்று. மலம் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக நாறி, இளகியும் போனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததோ குடலில் ஒட்டுண்ணியோ இருக்கலாம். இவை எல்லாமே மருத்துவர் பார்க்க வேண்டியவை, பூனையைக் குளிப்பாட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, உங்கள் கையில் கீறல் விழுவதைத் தவிர.

சுத்தம் செய்து முடித்த இடத்தில் பூனை மறுபடி போகாமல் இருக்க, அங்கே அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தையோ படுக்கையையோ கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், சாப்பிடுகிற இடத்தைப் பூனை பொதுவாக அசுத்தம் செய்யாது. அந்த மூலைதான் வேண்டும் என்று அது அடம்பிடித்தால் வேறு வழியில்லை, அங்கேயே ஒரு பெட்டியை வைத்துவிட்டு, பழகிய பிறகு நமக்கு வசதியான இடத்துக்குத் தினமும் சாண் சாணாக நகர்த்திக்கொண்டு போகலாம்.

சோஃபாவின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சில் வருஷக்கணக்காக இறங்கியிருந்தால் மட்டும் மேலே சொன்ன எதிலும் காசைப் போடாதீர்கள். உறையைத் துவைத்துக்கொள்ளுங்கள், பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வையுங்கள், அதற்கு முன் நீர் புகாத உறை ஒன்றை உள்ளே மாட்டிவிடுங்கள்.